நிரல் எழுதாதவர்களுக்கும் வேலை தரும் மென்பொருள்: லிப்ரே ஆபிஸ், பங்களிப்பாளரின் பார்வையில்

அலுவலக மென்பொருள்களைப் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் வசதிகளின் ஒப்பீடாகவே அமைகின்றன. எந்தக் கோப்பைச் சரியாகத் திறக்கிறது, எவ்வளவு வேகமாக இயங்குகிறது, தோற்றம் எப்படி இருக்கிறது என்பவை அவற்றில் அலசப்படுகின்றன. மூலநிரலை எவரும் பார்த்து மாற்றிக்கொள்ள உரிமை தரும் கட்டற்ற மென்பொருளான லிப்ரே ஆபிஸைப் பற்றியும் அப்படிப்பட்ட மதிப்புரைகள் நிறைய வந்துவிட்டன. இங்கே மதிப்பிட எடுத்துக்கொண்டது வேறு. நிரல் எழுதத் தெரியாத ஒருவர், அன்றாடம் இதைப் பயன்படுத்துகிறவர் என்ற ஒரே தகுதியோடு இந்த மென்பொருளுக்கு ஏதேனும் செய்ய முன்வந்தால், அவருடைய உழைப்பை இதன் சமூகம் எப்படிப் பெற்றுக்கொள்கிறது, அந்த உழைப்பு எங்கே போய்ச் சேர்கிறது, பதிலுக்கு அவருக்கு என்ன கிடைக்கிறது என்பவையே இந்த மதிப்புரையின் கேள்விகள். "யாரும் பங்களிக்கலாம்" என்ற அழைப்பைக் பெரும்பாலான கட்டற்ற மென்பொருள் திட்டங்கள் விடுக்கின்றன. அந்த அழைப்பை நம்பி வருகிறவருக்கு என்ன வேலை காத்திருக்கிறது என்பதில் திட்டத்துக்குத் திட்டம் பெரிய வேறுபாடு இருக்கிறது.

லிப்ரே ஆபிஸ் இந்தச் சோதனைக்கு ஏற்றதாக இருப்பதற்கு அதன் பிறப்பும் ஒரு காரணம். சன் என்ற கணினி நிறுவனத்தை ஆரக்கிள் நிறுவனம் வாங்கியபோது, லிப்ரே ஆபிஸின் முன்னோடியான ஓபன் ஆபிஸ் திட்டமும் அதனோடு கைமாறியது. அதன் எதிர்காலத்தைப் பற்றிக் கவலை கொண்ட பங்களிப்பாளர்கள் 2010 செப்டம்பர் 28 அன்று தனியே பிரிந்து, டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பை அறிவித்தார்கள். 2011 ஜனவரியில் லிப்ரே ஆபிஸின் முதல் பதிப்பான 3.3 வெளிவந்தது. 2012இல் அந்த அமைப்பு ஜெர்மனியின் பெர்லினில் சட்டப்படியான அறக்கட்டளையாகப் பதிவு பெற்றது. ஒரு நிறுவனத்தின் முடிவுக்கு எல்லோரும் கட்டுப்பட்டுக் கிடந்த நிலை மீண்டும் வரக்கூடாது என்ற எண்ணத்தோடு எழுதப்பட்ட விதிகள் என்பதால், உழைப்பவருக்கு அமைப்பில் என்ன இடம் என்ற கேள்விக்கு அவற்றில் தெளிவான பதில் இருக்கிறது. அந்தப் பதிலைப் பின்னால் பார்ப்போம்.

முதலில் வாசல். மென்பொருளின் உதவிப் பட்டியிலேயே கருத்து அனுப்பவும், பங்களிப்பில் சேரவும், நன்கொடை தரவும் தனித்தனி வழிகள் இருக்கின்றன. எழுதிக்கொண்டிருக்கும் ஆவணத்தை விட்டு அதிகம் விலகாமலேயே ஒரு பயனர் அங்கே போய்ச் சேர முடிகிறது என்பது சிறிய வசதியாகத் தோன்றலாம். பல நல்ல கட்டற்ற மென்பொருள்களில் பிழையை எங்கே சொல்வது என்று தேடுவதிலேயே பயனரின் ஆர்வம் வடிந்துவிடுகிறது என்பதை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். அதே பட்டியில் பாதுகாப்பு முறையில் மறுதொடக்கம் செய்யும் வசதியும் இருக்கிறது. அது நீட்சிகளை (பயனர் கூடுதலாகச் சேர்த்த சிறு நிரல்களை) விலக்கி, தற்காலிகமான புதிய அமைப்புகளோடு மென்பொருளைத் திறந்து காட்டும். அப்படித் திறந்தபோது சிக்கல் மறைந்துவிட்டால், குறை மென்பொருளில் இல்லை, பயனரின் சொந்த அமைப்புகளிலோ அவர் சேர்த்துக்கொண்ட நீட்சியிலோதான் இருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். புகார் எழுதுவதற்கு முன் இந்த ஒரு சோதனையைச் செய்துவிட்டால், படிக்கப்போகிறவரின் நேரம் பெருமளவு மிச்சமாகும்.

பிழை தெரிவிக்கும் இடம் பக்சில்லா என்ற பழைய, உறுதியான பிழைப்பட்டியல் மென்பொருளில் இயங்குகிறது. அதற்குத் தனிக் கணக்கு வேண்டும். படிவத்தைப் பார்த்ததும் தயங்குவது இயல்பு. உண்மையில் அங்கே தேவைப்படுவது மூன்றே செய்திகள்தான்: என்ன செய்தேன், என்ன நடக்க வேண்டும் என்று எதிர்பார்த்தேன், என்ன நடந்தது. "அட்டவணை சரியாக வரவில்லை" என்ற வரியைக் கொண்டு எந்த நிரலாளராலும் எதையும் செய்ய முடியாது. நான்கு நெடுவரிசை கொண்ட அட்டவணையை உருவாக்கி, முதல் வரிசையின் மூன்று கட்டங்களை ஒன்றாக்கி, வேர்டின் டாக்எக்ஸ் வடிவில் சேமித்து, மூடி மீண்டும் திறந்தால் கடைசி நெடுவரிசை பக்கத்துக்கு வெளியே போய்விடுகிறது என்று எழுதினால், அதைப் படிக்கும் எவரும் தம் கணினியில் அதைச் செய்து பார்க்கலாம். மென்பொருளைப் பற்றிய விவரப் பெட்டியில், பதிப்பு எண், இயங்குதளம் உள்ளிட்ட அனைத்தையும் ஒரே சொடுக்கில் ஆங்கிலத்தில் நகலெடுத்துத் தரும் பொத்தான் ஒன்று இருக்கிறது. எந்த மொழி இடைமுகத்தில் வேலை செய்கிறவரானாலும் அந்தத் தகவலைத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. பயனரின் சிரமத்தை யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்று இதுபோன்ற இடங்களில் உணர முடிகிறது.

புகாரோடு இணைக்கும் மாதிரிக் கோப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு சாதாரணப் பயனரால் தர முடிந்த மிக மதிப்புள்ள பொருள் அதுதான். இருநூறு பக்க அறிக்கையில் ஒரு பக்கம் குலைகிறது என்றால், அந்த அறிக்கையின் நகலை எடுத்துக்கொண்டு, குலைவு நீடிக்கும்வரை மற்றப் பகுதிகளை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வரவேண்டும். எதை நீக்கியதும் பிழை மறைகிறதோ அங்கேதான் காரணம் ஒளிந்திருக்கிறது. கடைசியில் மிஞ்சும் ஒரு பக்கக் கோப்பு, எத்தனை பத்தி எழுதி விளக்கினாலும் கிடைக்காத தெளிவைத் தந்துவிடும். அந்தப் பிழையைத் திருத்தும் நிரலாளர்கள் பல நேரங்களில் அதே கோப்பை மூலநிரலோடு சோதனைக் கோப்பாகச் சேர்த்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு நிரலில் எவர் என்ன மாற்றம் செய்தாலும், அந்தக் கோப்பு தானியக்கச் சோதனையில் திறந்து பார்க்கப்படும், பழைய பிழை திரும்ப வந்தால் அங்கேயே பிடிபடும். இதுதவிர, பிழைப்பட்டியல்களில் சேர்ந்திருக்கும் ஏராளமான கோப்புகளை மொத்தமாகத் திறந்து, எதிலாவது மென்பொருள் நிலைகுலைகிறதா என்று பார்க்கும் சோதனையையும் இவர்கள் நடத்துகிறார்கள். நிரலில் ஒரு வரிகூட எழுதாத ஒருவர் பொறுமையாகச் செதுக்கித் தந்த ஒரு பக்கம், அவர் அந்தப் பிழையை மறந்துபோன பிறகும் மென்பொருளைக் காவல் காத்துக்கொண்டிருக்கிறது. இந்த ஏற்பாட்டுக்காகவே இத்திட்டத்தின் மீது எனக்குள்ள மதிப்பு உயர்ந்தது.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். இணைக்கப்படும் கோப்பை உலகில் எவரும் பதிவிறக்கிப் பார்க்கலாம். பெயர்கள், முகவரிகள், கணக்கு எண்கள், நிறுவனத்தின் உள் விவகாரங்கள் எவையும் அதில் இருக்கக்கூடாது. எழுத்துகளை மாற்றியதோடு நிறுத்தாமல், ஆவணத்தின் பண்புகளில் பதிவாகியிருக்கும் ஆசிரியர் பெயர், மாற்றங்களின் தடம், ஒளிந்திருக்கும் குறிப்புரைகள் ஆகியவற்றையும் பார்த்து நீக்க வேண்டும். திட்டத்தின் விக்கியில் இதற்கான வழிகாட்டுதல் இருந்தாலும், படிவத்தை நிரப்பும் நேரத்திலேயே இன்னும் அழுத்தமாக இதைச் சொல்லியிருக்கலாம்.

அனுப்பிய புகாருக்கு என்ன நேர்கிறது? அது முதலில் "உறுதி செய்யப்படாதது" என்ற நிலையில் நிற்கும். புகார் கொடுத்தவர் அல்லாத இன்னொருவர் அதே படிகளைத் தம் கணினியில் செய்து, அதே பிழையைக் கண்டு, ஆம் என்று சொன்ன பிறகே அது அடுத்த நிலைக்கு நகரும். தகவல் போதாது, முன்பே வேறு எண்ணில் பதிவாகியிருக்கிறது, இங்கே சரியாகவே இயங்குகிறது, இது பிழையே அன்று எனப் பிற முடிவுகளும் உண்டு. இந்த இரண்டாவது ஆளின் வேலைக்கு நிரலறிவு தேவையில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. படிகளைப் படித்து, செய்து பார்த்து, கண்டதைக் கண்டபடி எழுதினால் போதும். சமூகத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணத்தோடு வருகிறவர், தம் சொந்தக் குறையை எழுதுவதற்கு முன், காத்திருக்கும் புகார்களில் தமக்குத் தெரிந்த பகுதியைச் சேர்ந்த இரண்டு மூன்றை எடுத்துச் சோதித்துப் பார்ப்பதையே நான் முதல் வழியாகப் பரிந்துரைப்பேன். நல்ல புகார் எப்படி இருக்கும், மோசமான புகார் எப்படி இருக்கும் என்பது பிறர் எழுதியதைச் செய்து பார்க்கும்போதுதான் விளங்கும். எண்ணிக்கையில் எப்போதும் பற்றாக்குறையாக இருப்பதும் இந்த வேலைக்கான ஆட்களே.

இதில் ஒரு படி மேலே போகிறவருக்கு இன்னும் சுவையான வேலை இருக்கிறது. பிழை பழைய பதிப்புகளிலும் இருந்ததா, அல்லது இடையில் வந்து சேர்ந்ததா என்று கண்டறிவது அது. பக்சில்லா படிவத்தில் பதிப்பு என்று கேட்கும் இடத்தில் குறிக்க வேண்டியது, பிழை காணப்படும் மிகப் பழைய பதிப்பையே. ஆகவே பழைய பதிப்புகளை நிறுவிப் பார்த்து அந்தக் கட்டத்தைத் திருத்துவதே ஒரு பங்களிப்புதான். முன்பு சரியாக இருந்து பின்னர் கெட்ட பிழை என்று உறுதியானால், எந்த மாற்றத்தால் கெட்டது என்பதையும் கண்டுபிடிக்கலாம். வளர்ச்சியின் ஒவ்வொரு கட்டத்திலும் தொகுக்கப்பட்ட, அப்படியே இயக்கிப் பார்க்கத் தக்க பதிப்புகளை வரிசையாக அடுக்கிய களஞ்சியங்களை இத்திட்டம் வைத்திருக்கிறது. நடுவில் உள்ள ஒன்றை இயக்கிப் பார்த்து, பிழை இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தால், தேட வேண்டிய பரப்பு ஒவ்வொரு முறையும் பாதியாகக் குறையும். ஆயிரம் மாற்றங்களுக்கு நடுவே குற்றவாளியைப் பிடிக்கப் பத்துச் சோதனைகள் போதும், ஏனென்றால் இரண்டைப் பத்து முறை பெருக்கினால் 1024 வந்துவிடுகிறது. இதற்குப் பல கிகாபைட் பதிவிறக்கமும், கட்டளை வரியில், நிரல் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கிட் கருவியின் சில கட்டளைகளும் தேவை. கட்டளைகளை விக்கியிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளலாம். எந்த மாற்றத்தால் பிழை வந்தது என்று தெரிந்துவிட்டால், அந்த மாற்றத்தைச் செய்தவருக்கே செய்தி போகிறது. திருத்தம் விரைவதற்கு இதைவிட நல்ல உதவியைப் பயனர் ஒருவர் செய்துவிட முடியாது.

திருத்தம் வந்து சேரும் முறையும் பாராட்டத் தக்கது. நிரலில் மாற்றம் ஏற்றப்பட்டதும், அந்தப் பிழையின் எண்ணின் கீழ் தானாகவே ஒரு குறிப்பு விழும். எந்தப் பதிப்பில் அது இடம்பெறும், அடுத்த 24 முதல் 48 மணி நேரத்துக்குள் தினசரித் தொகுப்பில் (அன்றன்றைய நிரலிலிருந்து உருவாக்கப்படும் சோதனைப் பதிப்பில்) எப்படிக் கிடைக்கும் என்று அதில் சொல்லப்பட்டிருக்கும். பாதிக்கப்பட்டவர்களே சோதித்துப் பார்த்துச் சொல்லுமாறும் கேட்டிருப்பார்கள். தினசரித் தொகுப்பு, ஏற்கெனவே நிறுவியிருக்கும் நிலையான பதிப்புக்குப் பக்கத்தில், அதன் அமைப்புகளைத் தொடாமல் தனியாக நிறுவிக்கொள்ளும்படி அமைந்திருப்பதால் அன்றாட வேலை கெடாது. புகார் கொடுத்தவரே திருத்தத்தைச் சரிபார்த்து முடித்துவைக்கும் இந்தச் சுற்று, உழைப்புக்கு மதிப்பளிப்பதன் சரியான வடிவம். ஆண்டுக்கு இரு முறை, ஏறத்தாழ பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பெரிய வெளியீடு வருகிறது. 2024இல் வந்த 24.2 முதல் பதிப்பு எண்ணே ஆண்டையும் மாதத்தையும் குறிக்கிறது. வெளியீட்டுக்கு முந்தைய பீட்டா என்ற சோதனைப் பதிப்பைத் தம் சொந்த ஆவணங்களின் நகல்களில் சோதித்துப் பார்க்கிறவர்கள், நிலையான பதிப்பு வந்த பிறகு குறை சொல்கிறவர்களைவிட அதிகம் சாதிக்கிறார்கள்.

இனிக் குறைகள். பக்சில்லாவின் தோற்றமும் நடையும் இன்றைய பயனருக்கு அந்நியமானவை. நிலைகளின் பெயர்களும் குறிச்சொற்களும் பழகிக்கொள்ள நாள் பிடிக்கும். உரையாடல் முழுவதும் ஆங்கிலத்தில் நடக்கிறது. எளிய ஆங்கிலமே போதும், இலக்கணப் பிழைகளை எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் எழுதவே கூசி விலகுகிறவர்கள் கட்டாயம் இருப்பார்கள், அவர்களுக்கு இங்கே நல்ல மாற்று வழி இல்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை காத்திருப்பு. உறுதி செய்யப்பட்ட பிழைகூட ஆண்டுக் கணக்கில் அப்படியே கிடக்கலாம். நீண்ட காலம் அசையாமல் கிடக்கும் புகார்களுக்கு, புதிய பதிப்பில் மீண்டும் சோதித்துச் சொல்லுமாறு கேட்கும் தானியக்கச் செய்தி ஒன்று வரும். வேலை ஏதும் நடக்காத நிலையில் மறுபடியும் தன்னிடமே வேலை கேட்கிறார்களே என்று அது எரிச்சலூட்டக்கூடும். அந்தச் செய்தியின் தேவையை ஒப்புக்கொள்கிறேன், ஏனென்றால் வேறு மாற்றங்களின் விளைவாகத் தானே தீர்ந்துவிட்ட பிழைகள் உண்மையிலேயே நிறைய இருக்கின்றன. அதன் வாசகத்தில் இன்னும் கொஞ்சம் மனித முகம் இருந்தால் நன்றாக இருக்கும்.

காத்திருப்புக்குக் காரணம் எளிது. நிரலாளர்களில் ஒரு பகுதியினருக்கு ஊதியம் தருபவை, இந்த மென்பொருளை வைத்துத் தொழில் செய்யும் நிறுவனங்கள். அந்நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள் கேட்பது முன்னால் போகும். மற்றவர்கள் சொந்த நேரத்தில் உழைப்பவர்கள், எதைத் திருத்துவது என்பது அவர்கள் விருப்பம். "இதுகூடச் சரிசெய்யவில்லையென்றால் வேறு மென்பொருளுக்குப் போய்விடுவேன்" என்று எழுதுவதால் எந்தப் பிழையும் முன்னால் நகர்ந்ததில்லை. பயனர்களின் அவசரக் குரல் ஒரு திட்டத்துக்குக் கேடாகவும் முடியலாம் என்பதற்கு, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற கருவியின் விவகாரம் சான்று. அநேகமாகத் தனி ஒருவராலேயே பராமரிக்கப்பட்டு வந்த அந்தச் சுருக்கக் கருவியின் அஞ்சல் குழுவில், 2022இல் பயனர்கள் என்ற பெயரில் சிலர் தாமதத்தைக் குறைகூறி நெருக்கினார்கள். அந்த நெருக்கடிக்குப் பிறகு பொறுப்பில் பங்கு பெற்ற புதியவர் வழியாக, கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழைய உதவும் புறவாசல் 2024இல் அதில் நுழைக்கப்பட்டது. அதை வெளிக்கொண்டுவந்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர். தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைவது வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை வினாடி கூடுதலாக எடுத்துக்கொண்டதைப் பொருட்படுத்தி, காரணத்தைத் தேடிப் போனதில்தான் அது பிடிபட்டது. நெருக்கும் குரலும் கவனிக்கும் கண்ணும் ஒரு திட்டத்துக்கு எவ்வளவு வேறான பலன்களைத் தரும் என்பதை ஒரே நிகழ்வில் பார்க்க முடிந்தது.

மொழிபெயர்ப்புக்கு வருவோம். லிப்ரே ஆபிஸின் இடைமுகம் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் கிடைப்பது பெருமளவு தன்னார்வலர்களால்தான். அந்த வேலை இப்போது வெப்லேட் என்ற இணையக் கருவியில் நடக்கிறது. செக் நாட்டு நிரலாளர் மிகால் சிஹார் 2012இல் தொடங்கிய இந்தக் கருவியும் கட்டற்ற மென்பொருளே. உலாவியைத் திறந்து, மூல வரியைப் பார்த்து, கீழே நம் மொழியில் எழுதிச் சேமிப்பதே மொத்த வேலையும் என்பதால், புதியவருக்கு மிக நட்பான வாசல் இதுதான். ஒரே வரி முன்பு எப்படி மொழிபெயர்க்கப்பட்டது, அருஞ்சொற்பட்டியல் என்ன சொல்கிறது, முன்பு யார் மாற்றினார்கள் என்பவை அனைத்தும் பக்கத்திலேயே தெரியும். முடிவாக எழுதும் அனுமதி இல்லாதவர்கள் பரிந்துரையாக விட்டுச் செல்லலாம். பட்டிப் பெயர்களில் வரும் அலைக்குறி, விசைப்பலகை வழியாக அந்தப் பட்டியைத் திறக்கும் எழுத்தைச் சுட்டுவது. விழுக்காட்டுக் குறியோடு வரும் சொற்கள் பின்னால் எண்ணாலோ பெயராலோ நிரப்பப்படுபவை. அவற்றை மொழிபெயர்த்தாலோ விட்டுவிட்டாலோ பயன்பாட்டில் கோளாறு வரும். கருவி தானாகவே சரிபார்த்து இத்தகைய இடங்களில் பலவற்றைச் சுட்டிக்காட்டுகிறது.

இருந்தாலும் வெப்லேட்டை முழுமனத்தோடு புகழ்வதற்குத் தடையாக ஒன்று இருக்கிறது. தனித்தனி வரிகளாகப் பார்க்கும்போது அந்த வரி மென்பொருளில் எந்த இடத்தில் வருகிறது என்பது பல நேரங்களில் தெரிவதில்லை. ஒரே சொல் ஓரிடத்தில் வினையாகவும் இன்னோரிடத்தில் பெயராகவும் நிற்கும், தவறான ஊகத்தால் ஒரு பொத்தானே பொருளற்றுப் போகும். ஆகையால் மொழிபெயர்க்கிறவர் அந்த உரையாடல் பெட்டியை மென்பொருளில் திறந்து பார்க்கும் பழக்கத்தை வளர்த்துக்கொள்ள வேண்டும். எந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டி எண்ணிக்கையைக் கூட்டுவது உதவியாகாது; அதைத் திருத்தப் பின்னால் வருகிறவருக்கு, புதிதாக எழுதுவதைவிடக் கூடுதல் வேலை வைக்கும். புதிதாகச் சேர்கிறவருக்கு என் யோசனை இது: தாமே தினமும் பயன்படுத்தும் பட்டிகளில் உறுத்தும் சொற்களை முதலில் எடுத்துக்கொள்வது, முன்பே உழைத்தவர்களோடு பேசிவிட்டு மாற்றுவது. உதவிப் பக்கங்களின் கடல் போன்ற பரப்பை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கையேடுகள் எழுதும் குழுவும் கேள்வி பதில் தளமும் இவற்றோடு உண்டு. கையேட்டின் அத்தியாயங்களைப் புதிய பதிப்போடு ஒப்பிட்டு, மாறிப்போன படங்களையும் படிகளையும் திருத்தும் வேலை அமைதியான மனம் உள்ளவர்களுக்கு ஏற்றது. அந்த அத்தியாயங்கள் லிப்ரே ஆபிஸின் எழுத்துச் செயலியான ரைட்டரிலேயே எழுதப்படுவதால் புதிய கருவி எதையும் கற்க வேண்டியதில்லை. கேள்வி பதில் தளத்தில், ஒருவர் தாம் முன்பு தடுமாறிக் கற்றதை இன்னொருவருக்கு உடனே சொல்லித்தர முடிகிறது.

பிற திட்டங்களோடு ஒப்பிட்டால் லிப்ரே ஆபிஸின் இடம் தெளிவாகும். பயர்பாக்ஸ் உலாவியை உருவாக்கும் மோசில்லா 2017இல் தொடங்கிய காமன் வாய்ஸ் திட்டத்தில் திரையில் வரும் வாக்கியத்தை வாசித்துப் பதிவு செய்யலாம், பிறர் வாசித்ததைக் கேட்டுச் சரியா என்று சொல்லலாம். ஐந்து நிமிடம் ஓய்வு இருந்தாலே போதும், சேரும் குரல் தரவுகள் பொதுவுடைமையாக வெளியிடப்படுகின்றன. நுழைவதற்கு அதைவிட எளிய திட்டம் இல்லை. ஆயினும் அங்கே ஒருவரின் பங்கு பெருங்குவியலில் ஒரு துளியாகக் கலந்துவிடுகிறது, வேலையில் வளர்ச்சி என்று ஏதும் இல்லை. பயர்பாக்ஸ் நிலைகுலைந்தபோது அதன் விவரத்தை அனுப்பச் சம்மதிப்பதும் இத்தகையதே. செய்ய வேண்டியதுதான், செய்தபின் நினைவில் நிற்காது. மறுபக்கம், தனி ஒருவர் பராமரிக்கும் சிறு மென்பொருள்களில் ஒரு நல்ல பிழை அறிக்கைக்கு அன்றே பதில் வரலாம், அல்லது வராமலே போகலாம். எல்லாம் அந்த ஒருவரின் உடல்நலத்தையும் குடும்பச் சூழலையும் பொறுத்தது. லிப்ரே ஆபிஸ் இவற்றுக்கு இடையில் நிற்கிறது. தொடக்கம் சற்றுக் கடினம், உள்ளே வந்தபின் ஒன்றைவிட ஒன்று ஆழமான வேலைகள் வரிசையாக இருக்கின்றன, எவர் விலகினாலும் பட்டியல் நின்றுவிடுவதில்லை. நீடித்து உழைக்க விரும்புகிறவருக்கு இதையும், நேரமே இல்லாதவருக்குக் காமன் வாய்ஸையும் சொல்வேன்.

நேரம் தர இயலாதவர்கள் பணம் தரலாம். 2014இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோதுதான், இணையத் தொடர்புகளை மறைகுறியாக்கிக் காக்க இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த ஓபன்எஸ்எஸ்எல் திட்டத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2000 டாலர் மட்டுமே நன்கொடையாக வந்துகொண்டிருந்தது என்பது பரவலாகத் தெரியவந்தது. டாக்குமென்ட் ஃபவுண்டேஷனின் செலவுகளுக்கும் நன்கொடைகளே முதன்மையான ஆதாரம். வழங்கிகள், தர உறுதிப் பணி, சந்திப்புகள் ஆகியவை அதில் நடக்கின்றன. நன்கொடை தருவதால் தாம் சுட்டிய பிழை முதலில் திருத்தப்படும் என்று எதிர்பார்ப்பது தவறு, அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. குறிப்பிட்ட ஒன்றைத் திருத்தியே ஆகவேண்டும் என்ற தேவை இருக்கும் நிறுவனங்கள், அத்தொழிலில் உள்ள நிரலாளர்களுக்குத் தனியே ஊதியம் தந்து செய்துகொள்வதே வழக்கம்.

உழைப்பவருக்கு அமைப்பில் என்ன இடம் என்ற கேள்விக்கு இப்போது வரலாம். டாக்குமென்ட் ஃபவுண்டேஷனில் உறுப்பினராவதற்குக் கட்டணம் இல்லை, பணம் கொடுத்து உறுப்பினராகவும் முடியாது. குறைந்தது மூன்று மாதம் பங்களித்திருக்க வேண்டும், அடுத்த ஆறு மாதமாவது தொடரும் எண்ணம் இருக்க வேண்டும். அந்தப் பங்களிப்பு நிரலாக இருக்க வேண்டியதில்லை: பிழைகளை உறுதி செய்தவரும், மொழிபெயர்த்தவரும், கையேட்டைத் திருத்தியவரும் நிரலாளருக்குச் சமமாகவே ஏற்கப்படுகிறார்கள். அந்த உறுப்பினர்கள்தான் இயக்குநர் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அதற்குப் போட்டியிடவும் செய்கிறார்கள். லினக்ஸ் சார்ந்த கட்டற்ற இயங்குதளத்தை உருவாக்கும் டெபியன் திட்டமும் 2010இல் வாக்கெடுப்பு நடத்தி, மென்பொருள் பொதிகளைத் தொகுக்காத பங்களிப்பாளர்களையும் முழு உறுப்பினர்களாக வரவேற்பது என்று முடிவு செய்தது. பயனரின் உழைப்பை வாங்கிக்கொள்ளும் திட்டங்கள் பல. அந்த உழைப்புக்கு ஈடாக ஆட்சியில் வாக்குரிமை தருபவை மிகச் சில. காத்திருப்பும் பழைய படிவங்களும் தரும் அலுப்பை மீறி இதைப் பரிந்துரைக்க என்னைத் தூண்டுவது இந்த விதிதான். விண்ணப்பிக்கும்போது என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். அதனால் சோதித்த பிழைகளின் எண்களையும், மொழிபெயர்த்த பகுதிகளையும், திருத்திய அத்தியாயங்களின் பெயர்களையும் முதல் நாளிலிருந்தே குறித்து வைத்துக்கொள்வது நல்லது.